மடுவில் ஒதுங்கிய நாங்கள் படலையை மூடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, மியன்மாரிலிருந்து தப்பி முள்ளிவாய்க்கால் கரைக்குப் படகில் வந்த ரோஹிங்கியா முஸ்லிம் சனத்தில் வந்து நின்றது. நான் மிகவும் மதிக்கிற ஒரு அண்ணன், பங்கு வேலை என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிறவர், "எங்கட சனத்துக்கே இன்னும் காணி விடுபடேல்லை, இதுக்குள்ள அவங்களையும் வைச்சுப் பாக்க ஏலுமே? உயிர்த்த ஞாயிறை மறந்திட்டியே தம்பி?" என்று கேட்டார். நின்றவர்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில் நா எழவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தும் அதே யோசனைதான். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது இல்லை, வடக்குக் கிழக்கில் எத்தனையோ கோயில் முற்றங்களில் இன்றைக்குக் கேட்கப்படுகிற கேள்வி.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்கிறேன். நான் மன்னார் பெருநிலப்பரப்பில் ஒரு கரையோரக் கிராமத்தில் பிறந்தவன். வளர்ந்ததில் பாதிக்காலம் மடுவில், தறப்பாள் கொட்டிலுக்குள். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது சனம் வேறு போக்கிடம் இல்லாமல் மடுக் கோயிலைத்தான் நம்பிப் போனது, பல்லாயிரம் பேர், மரத்துக்கு மரம் சேலை கட்டி மறைத்துக்கொண்டு. வந்தவனிடம் நீ எந்தப் பங்கு, ஞானஸ்நானச் சீட்டு இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு சைவக் குடும்பம், அந்த அம்மா தினமும் காலையில் திருநீறு பூசிக்கொண்டுதான் தண்ணீர் வரிசைக்கு வருவா, பின்னேரம் எங்களோடு வந்து மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவா. யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

மடுவின் கதையே ஓடி வந்தவர்களின் கதைதான். 1670ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தியபோது மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் மருதமடுவில் ஒதுங்கினார்கள், அதிலிருந்து வந்ததுதான் இந்தத் திருத்தலம். அதற்குக் கொஞ்சக் காலம் பிறகு கோவாவிலிருந்து பிச்சைக்காரர் கோலத்தில் ஒளித்து வந்த புனித யோசேப் வாஸ் அடிகளாருக்கு இந்த நாட்டில் வேலை செய்ய இடம் கொடுத்தது யார்? கண்டியில் இருந்த பௌத்த அரசன். முதலில் உளவாளி என்று பிடித்து அடைத்தவன்தான், பிறகு நம்பினான், விட்டான். வேற்று மதத்தவர் ஒருவர் இடம் கொடுத்ததால்தான் இலங்கையில் இன்றைக்குக் கத்தோலிக்க மதம் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை. அப்புறம் 2008 ஏப்ரலில் என்ன நடந்தது என்று எங்கள் வயதுக்காரர் எல்லாருக்கும் தெரியும். சண்டை கோயில் வாசலுக்கு வந்துவிட, சுவாமிமார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். அந்தச் செய்தி வந்த அன்று என் அம்மா அழுதபடி சொன்னது, "மாதாவும் எங்களைப்போல மூட்டை கட்டிட்டா." ஓகஸ்டில்தான் சுரூபம் திரும்பி வந்தது.

1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு மடுக் கோயில் வளவுக்குள் ஷெல் விழுந்து, கோயிலுக்குள் இருந்தால் தப்பலாம் என்று ஓடிப்போன சனத்தில் நாற்பது பேரளவில் செத்தார்கள். எனக்கு அப்போது 19 வயது. அதை இங்கே விவரமாக எழுத என்னால் முடியவில்லை. விடிந்த பிறகு செருப்புகள் கிடந்தன என்று மட்டும் சொல்கிறேன், சின்னச் செருப்புகளும். நவாலி சென் பீற்றர்ஸ் கோயிலில் 1995 ஜூலை 9ஆம் திகதி இதைவிடக் கூட நடந்தது, அங்கேயும் அகதியாய் வந்து ஒதுங்கியவர்கள்தான், நூறுக்கு மேலே. ஆகவே அகதி என்றால் யார் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் இதோடு சேர்த்து இன்னொன்றையும் எழுத வேண்டும், மனம் வராவிட்டாலும். அதே 1990இல், ஒக்டோபர் மாதம், வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட. எங்கள் வேலிக்கு அடுத்த வீடு ஒரு முஸ்லிம் அக்காவுடையது, லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். நான் பள்ளிக்கூடத்தால் வந்து அம்மா இல்லாவிட்டால் அவவின் வீட்டில்தான் சாப்பிடுவேன். அன்றைக்கு அவ தன்னுடைய கோழிகளை ஒரு கடகத்தால் மூடி எங்கள் வேலியோரம் வைத்துவிட்டு, அம்மியைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, மூன்று பிள்ளைகளோடு ரோட்டுக்குப் போய் மற்ற சனத்தோடு சேர்ந்தா. அம்மா குசினி வாசலில்தான் நின்றா. படலைக்குக்கூட வரவில்லை. பயம். யார் பார்க்கிறார்கள், யார் போய்ச் சொல்வார்கள் என்ற பயம், அதை நான் இன்று குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம் வழமைபோல எங்கள் வீட்டில் செபமாலை சொன்னோம், "பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக" என்று ஐம்பத்து மூன்று தரம் சொன்னோம், அந்த லாத்தாவின் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளையாக இருந்தும் எனக்கு அது என்னவோபோல இருந்தது.

இருபது வருடத்துக்குப் பிறகு, 2010இல், நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. அடுத்த வளவில் அந்த அம்மி மட்டும் கிடந்தது, பாரம் என்பதால் யாரும் தூக்கவில்லை போல. சில மாதத்தில் லாத்தாவும் புத்தளத்திலிருந்து வளவு பார்க்க வந்தா. தலை முழுக்க நரை. அம்மா அந்த அம்மியைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தா. இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு லாத்தா மெதுவாகத்தான் கேட்டா, "அன்டைக்கு ஏன் புள்ள படலைக்கு வரல்ல?" அம்மாவிடம் பதில் இல்லை. அவ சாகும்வரைக்கும் அந்தக் கேள்வியை அடிக்கடி எங்களிடம் திருப்பிச் சொல்வா.

சரி, அண்ணன் சொன்ன உயிர்த்த ஞாயிற்றுக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21, முஸ்லிம் தீவிரவாதிகள் குண்டு வெடிக்க வைத்த நாள். கொச்சிக்கடை புனித அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் பெரிய ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். சீயோனில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் முற்றத்தில் நின்றபோது வெடித்தது. அதை மறக்க ஏலாது, மறக்கவும் கூடாது. நான் கேட்பது, அந்த நாளை நினைவில் வைத்திருக்கிற நாங்கள் அதற்கு அடுத்த வாரம் நீர்கொழும்பில் நடந்ததை ஏன் சேர்த்து நினைப்பதில்லை என்றுதான்.

அப்போது நீர்கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த அகதிகள் நூற்றுக்கணக்கில் வாடகை வீடுகளில் இருந்தார்கள், ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் பதிந்து, வேறு நாட்டுக்கு அனுப்பப்படும் நாளுக்காகக் காத்துக்கொண்டு. பெரும்பாலானவர்கள் அஹமதியா முஸ்லிம்கள். பாகிஸ்தானில் 1974இல் அரசியலமைப்பையே திருத்தி நீங்கள் முஸ்லிம்களே இல்லை என்று சட்டம் போட்டுத் தள்ளிவைக்கப்பட்ட சனம். 2010 மே மாதம் லாகூரில் அவர்களுடைய இரண்டு பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் புகுந்து எண்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஆக, கட்டுவாப்பிட்டியில் குண்டு வைத்தவனைப்போன்ற ஆட்களுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் இவர்கள். அந்த அகதிகளுக்குள் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. 2013 செப்டெம்பரில் பெஷாவரில் பூசை முடிந்து வெளியே வந்த சனத்துக்கு நடுவில் குண்டு வெடித்து எண்பதுக்கு மேலே செத்தார்களே, அந்த நாட்டுக் கிறிஸ்தவர்கள். அவர்களும் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். கும்பலாக வந்து கதவைத் தட்டினார்கள், வீட்டுக்காரர்களை வெருட்டினார்கள், சாமானோடு ரோட்டில் இறக்கினார்கள். ஆயிரம் பேரளவில் அஹமதியா பள்ளிவாசலிலும் பஸ்யாலையில் ஒரு மண்டபத்திலும் நீர்கொழும்புப் பொலிஸ் நிலையத்து வாகனக் கொட்டகையிலும் நாட்கணக்காகப் படுத்துக் கிடந்தார்கள். கோயில் மணிச்சத்தம் கேட்காத மூலை இல்லாத ஊரில்!

பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒரு முஸ்லிமுக்குக்கூடத் தீங்கு செய்யாதீர்கள், அவர்கள் எங்கள் சகோதரர்கள் என்று தொலைக்காட்சியில் வந்து கெஞ்சியது உண்மை. அன்றைக்கு அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை வீடு எரிந்திருக்குமோ, அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவன். இருந்தும் அடுத்த மாதம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, நாத்தாண்டியாப் பக்கம் ஒரு மனிதரை அவருடைய வீட்டுக்கே போய் வெட்டிக் கொன்றார்கள். அதைச் செய்த கும்பல்களுக்குள் எத்தனை பேர் கிறிஸ்தவர்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு முக்கியமில்லை. எங்கள் பெயரைச் சொல்லி, எங்கள் செத்தவர்களின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். அது போதாதா எங்களுக்கு உறைக்க?

கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உருவி ஒருவனுடைய காதை வெட்டினார். அவர் நினைத்தது சரியான ஆளுக்காக, சரியான நேரத்தில் செய்கிறேன் என்றுதான். இயேசு என்ன செய்தார்? வாளை உறையில் போடச் சொன்னார், தன்னைப் பிடிக்க வந்தவனுடைய காதைத் தொட்டுச் சுகப்படுத்தினார். பேதுரு வாளை உருவிய பகுதியைப் பெரிய வெள்ளிக்கு வருடாவருடம் நின்றுகொண்டு கேட்கிறோம். மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் அந்நியனாய் இருந்தேன் என்று அவர் சொல்கிற இடத்தில் எந்த நாட்டு அந்நியன், எந்த மதத்து அந்நியன் என்று ஒரு சொல் இல்லை. ஏரோதுக்குப் பயந்து சூசையப்பரும் மாதாவும் பாலனைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார்கள், அங்கே அவர்களுக்கு ஒரு படலை திறந்திருக்க வேண்டும்தானே, திறந்தவர் இஸ்ரவேலர் சாமியைக் கும்பிடுகிறவராகவா இருந்திருப்பார்? நான் மறைக்கல்வி படிப்பிக்கிறவன் இல்லை, கடை வைத்திருக்கிறவன். ஆனால் இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்பு என்றால் நீதியை விட்டுக்கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியில்லை. 2020 உயிர்ப்புப் பெருவிழாவில் நாங்கள் மன்னித்துவிட்டோம் என்று சொன்ன அதே கர்தினால்தான், ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தும் ஏன் தடுக்கவில்லை, பின்னால் நின்றது யார் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கே 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது, பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் வழக்காடியபடியால். எங்கள் பக்கத்தில் காலஞ்சென்ற மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகையும் அப்படித்தான், இறுதிப் போரில் வன்னிச் சனத்தில் 146,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று 2011இல் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன்னால் போய்ச் சொன்னவர். எத்தனை வெருட்டல் வந்தும் அந்த எண்ணை அவர் மாற்றவில்லை. கணக்குக் கேட்பதும் பழிவாங்காமல் இருப்பதும் ஒரே மனிதரால் முடியும், இவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

நீர்கொழும்பு அகதிகளில் நூறுக்கு மேற்பட்டவர்களைக் கடைசியில் எங்கே கொண்டுவந்தார்கள் தெரியுமா? வவுனியா பூந்தோட்டத்துக்கு. எந்தப் பூந்தோட்டம்? தொண்ணூறுகளில் எங்கள் இடம்பெயர்ந்த சனம் நெருக்கியடித்துக் கிடந்த, 2009க்குப் பிறகு என் சித்தப்பா மகன் புனர்வாழ்வு என்று ஒரு வருடம் அடைபட்டிருந்த அதே பூந்தோட்டத்துக்கு. கொண்டுவரக் கூடாது என்று எதிர்ப்பும் கிளம்பியது, எங்கள் ஆட்களும் சிலர் அதில் நின்றார்கள். நாங்கள் நாலைந்து பேர் பால்மா, சவர்க்காரம், பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கிக்கொண்டு போய் வாசலில் கொடுத்துவிட்டு வந்தோம். கம்பி வேலிக்கு அங்காலே ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்று எங்களைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தா. என் சித்தி பிள்ளையைப் பார்க்க வந்து நின்ற இடம் அது, இங்காலே. அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் மோட்டார் சைக்கிளை எடுக்க முடியவில்லை.

இனி ரோஹிங்கியா. 2017 ஓகஸ்டுக்குப் பிறகு மியன்மாரிலிருந்து ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பங்களாதேசத்துக்கு ஓடினார்கள். அந்த வருடம் டிசெம்பரில் டாக்காவில் அவர்களில் சிலரைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், இன்று கடவுளின் பிரசன்னத்துக்கு ரோஹிங்கியா என்றும் பெயர் என்று சொன்னார். எங்கள் மடுவுக்கு 2015இல் வந்து எங்கள் மாதாவுக்கு முன்னால் நின்று செபித்த அதே மனிதர். லெஸ்போஸ் தீவுக்குப் போனபோது தன் விமானத்தில் பன்னிரண்டு சிரிய அகதிகளை ஏற்றி வந்தவர், பன்னிரண்டு பேரும் முஸ்லிம்கள். அவர் இறந்தது 2025 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் ஆறாவது ஆண்டு நாள். எனக்கு அது மனதில் நின்றுவிட்டது.

2024 டிசெம்பர் 19ஆம் திகதி நூறுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா சனத்தோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கடலில் தென்பட்டது. நிறையக் குழந்தைகள். முதலில் கண்டு சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தவர்கள் எங்கள் கடற்றொழிலாளர்கள். 2009 மே மாதத்தில் ஒரு சிரட்டை கஞ்சிக்கு வரிசையில் நின்ற அதே கரை. அவர்கள் யாரும் மதம் கேட்டுவிட்டு மீனையும் சோற்றையும் கொடுக்கவில்லை, பசி தெரிந்தவர்கள் கொடுத்தார்கள். பிறகு அந்தச் சனத்தைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்குள் வைத்தார்கள். இது ஆட்கடத்தல், திருப்பி அனுப்புவோம் என்று அரசாங்கத் தரப்பில் பேசினார்கள். எங்கே திருப்பி அனுப்புவது? அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை இன்னும் கையெழுத்துப் போடவில்லை, ஆகவே கேட்க ஆள் இல்லாத சனம் அவர்கள். முல்லைத்தீவில் எங்கள் சனம் தெருவில் இறங்கி அனுப்பாதே என்று பதாகை பிடித்தது, அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்வேன்!

அண்ணன் காணி பற்றிச் சொன்னாரே, அதில் அவர் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. கேப்பாப்பிலவுச் சனம் படையினர் பிடித்த தங்கள் சொந்தக் காணிக்காக ரோட்டோரக் கொட்டிலில் எத்தனை வருடம் உட்கார்ந்தது என்று எனக்கும் தெரியும், நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அண்ணன், அந்தக் காணியை வைத்திருப்பது ஒரு ரோஹிங்கியாப் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அடுத்த நாள் வேலிக்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் காணியைத் தரப்போகிறார்களா? முதலில் எங்களுக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று ஒழுங்கு வைத்துக் காத்திருந்தால் அந்தப் பிறகு வருவதே இல்லை. 1990இல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்தில் போய் இறங்கின எங்கள் சனத்தைப் பார்த்து, எங்கள் ஊரிலும் ஏழைகள் இருக்கிறார்கள் என்று அந்தக் கரைச் சனம் சொல்லியிருக்கலாம். இருந்தும் மண்டபம் என்ற ஊரில் முகாம் அமைத்து இடம் கொடுத்தார்கள். என் பெரியம்மா குடும்பம் இன்னும் தமிழ்நாட்டு முகாமில்தான் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் அங்கே பிறந்து அங்கே படித்தவர்கள்.

ஒரு சுவாமி மறையுரையில் பிரான்சில் லெ ஷாம்போன் என்ற மலைக்கிராமத்தைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் யூதப் பிள்ளைகளை வீடு வீடாக ஒளித்து வைத்துக் காப்பாற்றிய ஊர். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் புரட்டஸ்தாந்துச் சனம், அவர்களுடைய முன்னோர் பிரெஞ்சு அரசரால் விரட்டி விரட்டி வேட்டையாடப்பட்டவர்கள், அந்த நினைவை அவர்கள் விடவில்லை. போதகர் ஆந்த்ரே த்ரொக்மேயிடம் யூதர்களின் பட்டியல் கேட்டு அதிகாரிகள் வந்தபோது, யூதர் என்றால் யார் என்று எனக்குத் தெரியாது, எனக்கு மனிதர்களைத்தான் தெரியும் என்றாராம். அவருடைய உறவினர் ஒருவர் பிள்ளைகளோடு பிடிபட்டு வதைமுகாமில் செத்தார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு மடுதான் நினைவுக்கு வந்தது. எங்களிடமும் அந்த நினைவு இருக்கிறது, ஒல்லாந்தர் காலத்திலிருந்து 2009 வரைக்கும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். அகதிகளை வைத்திருக்கிற இடத்துக்குப் பங்குகளிலிருந்து ஆட்கள் ஒழுங்காகப் போய்வர அனுமதி கேட்டு எழுதலாம். மண்டபம் சும்மா கிடக்கிற கோயில்கள் எங்களிடம் எத்தனை இருக்கின்றன, திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் திறக்கிறோம், அதை ஒரு குடும்பத்துக்குத் திறக்கத் தயார் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு 1990 ஒக்டோபரில் எங்கள் ஊர்களில் நடந்ததைச் சொல்லிக் கொடுக்கலாம், இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து சிங்களச் சனம் இலட்சக்கணக்கில் வருகிறது, நீர்கொழும்பிலிருந்தும் வருகிறது. விசுவாசிகள் மன்றாட்டில் இரண்டு மொழியிலும் அகதிகளுக்காக ஒரு மன்றாட்டைச் சேர்க்கும்படி ஆயர் இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதில் இதுவரை பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து அதே வேப்பமரத்தடியில் நிற்பேன், கடிதமும் கையில் இருக்கும். அண்ணனுக்கும் தொலைபேசியில் சொன்னேன். கையெழுத்துப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கதைக்க வருகிறேன் என்றார்.

இப்படிக்கு,
ஒரு பங்குவாசி,
வவுனியா.